வீட்டு வரியும் பதின்மூன்றாம் பிரேரணையும்
கலிபோர்ணியாக் கவுண்டிகளின் வரலாற்றில் ஒரு பகுதி

வருமான வரி கைக்கு வந்த பணத்தில் ஒரு பங்கைக் கேட்பது. விற்பனை வரி பண்டத்தை வாங்கும் வேளையிலேயே தீர்ந்துவிடுவது. வீட்டின்மீது விதிக்கப்படும் வரியோ இவ்விரண்டினின்றும் வேறானது. ஒருவன் தான் குடியிருக்கும் வீட்டின் விலை ஏறிவிட்டது என்று கேள்விப்படுகின்றான். அவனுக்கு அஃது ஒரு செய்தியே அன்றி வருவாய் அன்று. வீட்டை விற்றாலொழிய அவ்வேற்றத்தில் ஒரு சதமேனும் அவன் கையில் விழாது. ஆயினும், வரி அறிவித்தல் அவ்வேற்றத்தைக் கணக்கிற் கொண்டே வருகின்றது. வீட்டு வரியைப் பற்றிய வழக்குகளும் கிளர்ச்சிகளும் பெரும்பாலும் இந்த ஒரு முரண்பாட்டிலிருந்தே தோன்றியவை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்ணியா மாநிலத்தில் 1978ஆம் ஆண்டு நிகழ்ந்த வரிப் புரட்சி அவற்றுட் பெரியது. அதன் விளைவுகள் இன்றும் அம்மாநிலத்தின் ஒவ்வொரு கவுண்டியிலும், ஒவ்வொரு வீட்டின் வரிச்சிட்டையிலும் காணப்படுவன.

கவுண்டி என்பது நம் நாட்டு மாவட்டத்தை ஒருவாறு ஒத்தது. கலிபோர்ணியா 1850இல் மாநிலமானபோது 27 கவுண்டிகளாக வகுக்கப்பட்டிருந்தது. இன்று அவை 58. வீட்டு வரியைப் பொறுத்தவரையில் கவுண்டியே எல்லாவற்றுக்கும் அச்சாணி. மாநகரமும், பாடசாலை வட்டாரமும், தீயணைப்பு வட்டாரமும் அவ்வரியிற் பங்கு பெறுவனவேனும், வீட்டை மதிப்பிடுவோரும், வரியைக் கணிப்போரும், பணத்தைச் சேகரித்துப் பங்கிட்டுக் கொடுப்போரும் கவுண்டியின் அலுவலரே. அவருள் மதிப்பீட்டாளர் எனப்படுபவர் மக்களால் வாக்களித்துத் தெரிவுசெய்யப்படுபவர். இஃது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. வீட்டின் விலையை நிருணயிக்கும் மனிதர், அவ்வீட்டில் வாழ்வோரின் வாக்கை நாடி நிற்பவராகவும் இருத்தலினால் எழுந்த விளைவுகளைப் பின்னர்க் காண்போம்.

இலங்கையின் நகரங்களில் நாம் செலுத்தும் சோலைவரியோடு இதனை ஒப்பிட்டு நோக்கினால் ஒரு வேறுபாடு புலனாகும். ஆங்கிலேயரின் முறையைப் பின்பற்றிய நம் சோலைவரி ஆண்டுப் பெறுமானத்தின்மேல், அதாவது வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டிற் கிடைக்கக்கூடிய தொகையின்மேல், நூற்றுக்கு இத்தனை என விதிக்கப்படுவது. கலிபோர்ணியாவிலோ வரிக்கு அடிப்படை வீட்டின் முழு விற்பனை விலையாகும். வாடகை மெல்ல ஏறும் இயல்பினது. விற்பனை விலையோ மக்களின் எதிர்பார்ப்பையும் பேராசையையும் பற்றிக்கொண்டு ஓரிரு ஆண்டுகளில் இரட்டிப்பாகவும் வல்லது. விலையேற்றக் காலத்தில் இவ்வடிப்படை குடியிருப்போனை எவ்வாறு நெருக்கும் என்பதற்குக் கலிபோர்ணியாவின் வரலாறே சான்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அந்த நெருக்கடி வெளிப்படாமல் இருந்தமைக்கு ஒரு விந்தையான காரணம் உண்டு. சட்டப்படி எல்லா ஆதனங்களும் ஒரே விகிதத்தில் மதிப்பிடப்பட வேண்டியவை. நடைமுறையிலோ மதிப்பீட்டாளர்கள் குடியிருப்பு வீடுகளைச் சந்தை விலையின் சிறு பகுதிக்கும், வாணிக நிலையங்களை அதனிலும் கூடிய பகுதிக்கும் மதிப்பிட்டு வந்தனர். வீட்டுக்காரர் தொகையிற் பலர், வாக்குடையோர். வாணிக நிலையங்களுக்கு வாக்கில்லை. இச்சலுகை எந்த ஏட்டிலும் எழுதப்படாதது. எனினும் பல தலைமுறையாக வேரூன்றியது. எழுதப்படாத சலுகைக்கு எழுதப்படாத விலையும் உண்டன்றோ? வாணிகர் சிலர் தம் மதிப்பீட்டைக் குறைத்துக்கொள்ள மதிப்பீட்டாளருக்குக் கையூட்டுக் கொடுக்கத் தலைப்பட்டனர். 1965இல் இவ்வூழல் வெளியாயிற்று. சான் பிரான்சிஸ்கோவின் மதிப்பீட்டாளராய் நெடுங்காலம் இருந்த ரசல் வோல்டன் 1966இற் குற்றவாளியாகக் காணப்பட்டார்.

ஊழலைக் கண்ட சட்டசபை அதே ஆண்டில் ஒரு சட்டத்தை இயற்றியது. வீடாயினும் கடையாயினும் ஆலையாயினும், ஆதனம் எதுவும் சந்தை விலையில் நூற்றுக்கு 25 என்ற ஒரே விகிதத்தில் மதிப்பிடப்படல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் கட்டளை. நேர்மையான கட்டளைதான்; அதனைக் குறைகூற எவருக்கும் நா எழவில்லை. ஆனால் அதன் விளைவு யாது? வாணிகரின் மதிப்பீடு இறங்க, வீட்டுக்காரரின் மதிப்பீடு ஏறிற்று. கையூட்டுப் பெற்ற மதிப்பீட்டாளரையே மீண்டும் கொண்டுவருக என்று வேண்டும் வாசகங்களைச் சான் பிரான்சிஸ்கோ மக்கள் தம் மோட்டார் வண்டிகளில் ஒட்டிச் சென்றனர் என்று கூறுவர். நகைப்புக்குரிய செய்தியாகத் தோன்றினும், இதனுள் ஓர் உண்மை அடங்கியிருக்கின்றது. ஐசக் மார்ட்டின் என்னும் சமூகவியலாளர் 2008இல் வெளியிட்ட நூலிற் காட்டியவாறு, பழைய முறையின் ஒழுங்கீனமே சாதாரணக் குடியிருப்போனுக்கு ஒரு காப்பாக இருந்தது. சீர்திருத்தம் ஒழுங்கீனத்தை அகற்றியபோது காப்பையும் உடன் அகற்றிவிட்டது. அதற்கு ஈடாக வேறொன்றை வைக்கவில்லை. சீர்திருத்தக்காரர் பலகாலும் மறந்துபோவது இதனைத்தான் என்பது என் கருத்து.

முற்றாக எதுவும் செய்யப்படவில்லை என்பது பொருளன்று. 1968இல் உரிமையாளர் குடியிருக்கும் வீடுகளுக்கு ஒரு சிறு விலக்கு அளிக்கப்பட்டது; பின்னர் அது சற்றே உயர்த்தப்பட்டு, முழு விலையில் 7,000 டொலர் என்னும் அளவை எய்திற்று. இன்றும் அதே 7,000 டொலர்தான். ஆண்டொன்றுக்கு 70 டொலர் மிச்சம். அரை நூற்றாண்டாக அசையாது நிற்கும் இத்தொகை இன்று வெறும் சடங்காகவே எஞ்சியுள்ளது. லொஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் மதிப்பீட்டாளராய் இருந்த பிலிப் வாட்சன் 1968இலும் 1972இலும் வரிக்கு வரம்பு கட்டும் பிரேரணைகளை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொணர்ந்தார். மதிப்பீட்டாளரே வரிக்கு எதிராய்க் கொடி பிடித்த புதுமை அது. இருமுறையும் மக்கள் அவற்றை மறுத்துவிட்டனர்.

இதற்கிடையிற் பாடசாலைகளைப் பற்றிய ஒரு பெருவழக்கு எழுந்தது. கலிபோர்ணியாவிற் பாடசாலைச் செலவின் பெரும்பகுதி அவ்வவ் வட்டாரத்து ஆதன வரியிலிருந்தே வந்தது. செல்வர் வாழும் பெவர்லி ஹில்ஸ் வட்டாரத்தில் 1968-69இல் ஒரு மாணவனுக்கு 50,885 டொலர் மதிப்புள்ள ஆதனம் வரிக்கு உட்பட்டிருந்தது. அதே கவுண்டியிலுள்ள பால்ட்வின் பார்க் வட்டாரத்தில் 3,706 டொலரே. பால்ட்வின் பார்க் மக்கள் மதிப்பீட்டில் 100 டொலருக்கு 5.48 டொலர் வரி செலுத்தியும் தம் பிள்ளை ஒருவனுக்கு 577 டொலரே செலவிட முடிந்தது. பெவர்லி ஹில்ஸ் மக்கள் 2.38 டொலர் செலுத்தி 1,231 டொலர் செலவிட்டனர். வறியோர் கூடிய விகிதத்தில் வரி கொடுத்துக் குறைந்த கல்வியைப் பெற்றனர் என்பதே இதன் பொருள். செரானோ எதிர் பிரீஸ்ட் என்னும் அவ்வழக்கில் மாநிலத் தலைமை நீதிமன்றம் 1971இல் இவ்வேற்பாடு சமத்துவத்துக்கு மாறானது என்று கூறி, 1976இல் அதனை உறுதிப்படுத்தியது.

ஆசிரியரும் மாணவரும் படிக்கும் இம்மலரில் இத்தீர்ப்பைப் போற்றாதிருத்தல் இயலாது. ஆயின், வரலாற்றாசிரியன் அதன் மறுபக்கத்தையும் நோக்கல் வேண்டும். தான் செலுத்தும் வரி தன் ஊர்ப் பாடசாலைக்கே போகின்றது என்ற எண்ணம் இருக்கும்வரை வீட்டுக்காரன் முணுமுணுத்தேனும் செலுத்துவான். நல்ல பாடசாலை உள்ள ஊரில் வீட்டின் விலையும் உயரும் என்பது அவனுக்குத் தெரியும். செலவைச் சமப்படுத்த வேண்டும் என்ற தீர்ப்புக்குப் பின்னர் அத்தொடர்பு நைந்துபோயிற்று. வில்லியம் பிஷெல் என்னும் பொருளியலாளர் செரானோ வழக்கே 1978ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்கு வித்திட்டது என்று வாதிட்டுள்ளார். அது முழுமையும் ஏற்கத்தக்கதன்று. விலைகள் விண்ணை நோக்கி ஏறாதிருந்தால், அத்தொடர்பு நைந்தமை மட்டும் மக்களை வீதிக்குக் கொணர்ந்திராது. எனினும், கிளர்ச்சி மூண்டபோது பாடசாலைகளுக்காகப் பரிந்து பேசும் குரல் மெலிந்திருந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாதல் கூடும்.

எழுபதுகளின் நடுவில் வீட்டு விலைகள் முன்னொருபோதும் இல்லாத வேகத்தில் ஏறின. லொஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு வீடுகளே புதிதாய் மதிப்பிடப்பட்டன. ஆகவே ஒருவருடைய முறை வரும்போது மூன்றாண்டு ஏற்றமும் ஒருங்கே அவர் தலைமேல் விழுந்தது. ஓய்வூதியம் பெறும் முதியோர், ஒரே நாளில் வரி இரட்டிப்பானதைக் கண்டு திகைத்தனர். மதிப்பு ஏறினால் விகிதத்தைக் குறைத்து வரியை முன்னிருந்த அளவில் நிறுத்தியிருக்கலாம். உள்ளூர்ச் சபைகள் போதிய அளவு அதனைச் செய்யவில்லை. மாநிலத் திறைசேரியிலோ பலநூறு கோடி டொலர் மிகை குவிந்து கிடந்தது. ஆளுநர் ஜெரி பிறவுணும் சட்டசபையும் நிவாரணம் எவ்வகையில் அளிப்பதென்று வழக்காடிக் காலம் போக்கினர். வரி செலுத்துவோன் வீட்டை விற்க நேருமோ என்று அஞ்சுகையில் அரசு பணப்பெட்டியைப் பூட்டி வைத்திருந்த இச்செயல், நான் அறிந்தவரையில், மக்களின் சினத்துக்கு மற்றெதனினும் பெரிய காரணமாயிற்று.

அச்சினத்துக்கு உருக்கொடுத்தவர் ஹொவாட் ஜாவிஸ். வீட்டு உபகரண உற்பத்தித் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றவர். அப்போது 74 வயதினர். லொஸ் ஏஞ்சலிசின் அடுக்குமாடி வீட்டுச் சொந்தக்காரர் சங்கத்தில் அலுவல் பார்த்தவர். வாடகைக்கு விடுவோரின் நலத்தைப் பேணியவர் குடியிருப்போரின் காவலராய்த் தோன்றினார் என்பதைக் கவனித்தல் தகும். போல் கான் என்பாருடன் கூடி அவர் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினார். அதுவே 13ஆம் பிரேரணை. சட்டசபை காலங்கடந்து விழித்து, வீட்டுக்காரருக்கு மட்டும் நிவாரணம் அளிக்கும் 8ஆம் பிரேரணை என்ற மாற்று ஒன்றை அதே வாக்குச்சீட்டில் வைத்தது. வாக்கெடுப்புக்குச் சில வாரங்களுக்கு முன்னர், 1978 மே மாதத்தில், லொஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியின் மதிப்பீட்டாளர் அலெக்சாண்டர் போப் அவ்வாண்டின் புதிய மதிப்பீடுகளை வெளிப்படுத்தினார். பலரின் வீடுகள் முன்னையதிலும் ஒன்றரை மடங்காகவும் இரட்டிப்பாகவும் மதிப்பிடப்பட்டிருந்தன. நேர்மையுடன் செய்யப்பட்ட அச்செயல் நெருப்பில் நெய்யாயிற்று. 1978 யூன் 6ஆம் நாள் வாக்காளரில் ஏறத்தாழ மூன்றிலிரு பங்கினர் 13ஆம் பிரேரணையை ஏற்றனர். மாற்றுப் பிரேரணை தோற்றது.

பிரேரணையின் வாசகம் மிகச் சுருக்கமானது. மாநில அரசியலமைப்பில் ஒரு புதிய பிரிவாக அது சேர்க்கப்பட்டது. ஆதன வரி முழு மதிப்பில் நூற்றுக்கு 1 என்ற அளவைத் தாண்டலாகாது. மதிப்பு 1975ஆம் ஆண்டு நிலைக்குப் பின்னோக்கிக் கொண்டு செல்லப்படும். அதன்பின் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 2 வீதத்துக்கு மேல் மதிப்பு ஏறலாகாது. வீடு கைமாறினாலோ புதிதாய்க் கட்டப்பட்டாலோ மாத்திரம் அது நடப்புச் சந்தை விலைக்கு மதிப்பிடப்படும். இவற்றோடு, மாநில வரி எதனையும் உயர்த்தச் சட்டசபையின் ஈரவைகளிலும் மூன்றிலிரு பங்கு வாக்கு வேண்டும் என்ற விதியும் சேர்ந்திருந்தது. வாக்களித்தோர் வரி விகிதத்தையே கண்டனர். கைமாறுதல் பற்றிய விதியின் ஆழத்தை அன்று உணர்ந்தோர் சிலரே.

ஓராண்டில் மாநிலத்தின் ஆதன வரி வருவாய் பாதிக்கு மேற் குறைந்தது. மாநிலம் தன் மிகையிலிருந்து 400 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைக் கவுண்டிகளுக்கும் பாடசாலைகளுக்கும் உடனடியாக வழங்கி நிலைமையைச் சமாளித்தது. பிரேரணையை எதிர்த்து நின்ற ஆளுநர் பிறவுண், முடிவு வெளியானதும் அதனை நிறைவேற்றுவதில் முன்னணியில் நின்றார். அரசியலில் இஃது அதிசயமன்று. 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, எஞ்சிய வரியை எந்தச் சபைக்கு எவ்வளவு என்று பங்கிடும் அதிகாரம் மாநிலத்தின் கைக்குச் சென்றது. உள்ளூராட்சியை வரிகாரரிடமிருந்து காக்க எழுந்த கிளர்ச்சி, உள்ளூராட்சியின் பணப்பையையே தலைநகருக்கு அனுப்பி வைத்தது.

கைமாறும்போது மாத்திரம் மதிப்பிடும் விதி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1975இல் 50,000 டொலர் பெறுமதியான ஒரு வீட்டை அன்று தொட்டு ஒருவரே வைத்திருக்கின்றார் என்று கொள்வோம். ஆண்டுதோறும் முழு 2 வீதமும் ஏற்றப்பட்டாலும், 45 ஆண்டுகளின் பின் 2020இல் வரிக்குரிய மதிப்பு சுமார் 1,21,900 டொலரே. அடிப்படை வரி சுமார் 1,219 டொலர். அடுத்த வேலிக்கப்பால் அதே அமைப்புள்ள வீட்டை 2020இல் 9,00,000 டொலருக்கு வாங்கியவர் 9,000 டொலர் செலுத்துவார். ஒரே தெரு, ஒரே பாடசாலை, ஒரே தீயணைப்பு வண்டி. வரியோ ஏழு மடங்குக்கு மேல்.

இவ்வேற்றத்தாழ்வு நீதிமன்றத்துக்குச் செல்லாதிருக்குமா? மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தின் வெப்ஸ்டர் கவுண்டியில் ஒரு மதிப்பீட்டாளர், சட்டத்தின் அனுமதியின்றியே, அண்மையில் விற்கப்பட்ட நிலங்களை மட்டும் புது விலைக்கு மதிப்பிட்டு வந்தார். ஐக்கிய நாட்டு உச்ச நீதிமன்றம் 1989இல் அதனைச் சமத்துவத்துக்கு மாறானது என்று தள்ளியது. கலிபோர்ணியாவின் ஏற்பாடும் வீழும் என்று பலர் எதிர்பார்த்தனர். லொஸ் ஏஞ்சலிசின் பால்ட்வின் ஹில்ஸ் பகுதியில் 1988இல் 1,70,000 டொலருக்கு வீடு வாங்கிய பெண்ணொருவர், தாம் 1,701 டொலர் செலுத்துகையில் 1975 முதல் வாழும் அயலார் 358 டொலரே செலுத்துவதைச் சுட்டிக்காட்டி வழக்குத் தொடுத்தார். மலிபுக் கடற்கரையில் 21 இலட்சம் டொலர் பெறுமதியான மாளிகையின் பழைய சொந்தக்காரரும், எளிய வீட்டினரான அவரும் ஏறத்தாழ ஒரே தொகையைச் செலுத்தினர் என்பதும் வழக்கில் வெளியாயிற்று. நோர்ட்லிங்கர் எதிர் ஹான் எனப்படும் இவ்வழக்கில் 1992இல் எட்டு நீதியரசர் கலிபோர்ணியாவின் விதியை நிலைநிறுத்தினர். நீதியரசர் ஸ்டீவன்ஸ் ஒருவரே மாறுபட்டார். தீர்ப்பை எழுதிய நீதியரசர் பிளாக்மன் இரு நியாயங்களைக் காட்டினார்: அயல்களில் மக்கள் நிலைத்து வாழ்வதை விரும்ப மாநிலத்துக்கு உரிமை உண்டு, முன்னரே வாங்கியவர் வரியைப் பற்றி ஓர் எதிர்பார்ப்போடு வாழ்கின்றார், புதிதாய் வாங்குபவரோ வரியை அறிந்தே வாங்குகின்றார்.

இரண்டாம் நியாயத்தின் வலிமையை மறுத்தல் அரிது. அடுத்த ஆண்டின் வரி யாதாகும் என்பது முன்னரே தெரிந்திருத்தல் முதியோருக்குப் பெருநிம்மதி. ஊழலுக்கும் இடமில்லை; விற்பனைப் பத்திரத்தில் உள்ள விலையே மதிப்பு எனும்போது வோல்டன் போன்றோர் எதனை விற்பது? எனினும், காப்பு வேண்டியவன் வறிய முதியவன். காப்புப் பெற்றவரோ 1978இல் ஆதனம் வைத்திருந்த அனைவரும். வாடகைக் கட்டடங்களும், எண்ணெய் ஆலைகளும், களிப்பூங்காக்களும் இதே வரம்புக்குள் வந்தன. வீடு விற்கப்படும், மனிதர் இறப்பர், கூட்டுத்தாபனம் இறப்பதில்லை. அதன் பங்குகள் நாள்தோறும் கைமாறினும், பாதிக்கு மேற்பட்ட ஆளுகை ஒருவர் கைக்குச் சென்றாலன்றி நிலத்தின் மதிப்பு மாறுவதில்லை. ஆதலின் பழைய சமநிலை மெல்ல மெல்ல வீட்டுக்காரர் பக்கமே சாய்ந்தது. வீட்டுக்காரரின் பெயரால் வென்ற பிரேரணைக்கு இஃது எதிர்பாராத முடிவு. பழைய மதிப்பை இழக்க அஞ்சி, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியோர் சிறிய வீட்டுக்கு மாறத் தயங்குவதையும் பொருளியலாளர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

புதிய குடியிருப்புகளின் நிலை இன்னும் வேறு. 1982இல் இயற்றப்பட்ட மெலோ-ரூஸ் சட்டத்தின்கீழ், வீதி, வடிகால், பாடசாலை ஆகியவற்றுக்காக ஒரு வட்டாரம் கடன் எடுத்து அதனை விசேட வரியால் அடைக்கலாம். இதற்கு மூன்றிலிரு பங்கு வாக்கு வேண்டும். ஆனால் அங்கே பதிவான வாக்காளர் பன்னிருவருக்குக் குறைவாயின் நிலச் சொந்தக்காரரே வாக்களிப்பர். வெறுநிலத்தில் வாக்காளர் ஏது? வீடு கட்டி விற்கும் நிறுவனம் தனக்குத் தானே வாக்களித்துக்கொண்டு, பின்னர் வந்து குடியேறுவோர் தலையில் வரியை வைத்துச் செல்கின்றது. வரிச்சிட்டையைப் படிக்கத் தெரிந்தவன் இதனை அதன் அடிப்பகுதியிற் காண்பான். மேற்பகுதியில் நூற்றுக்கு 1 என்ற அடிப்படை வரி. அதன்கீழ் மக்கள் வாக்களித்து ஏற்ற கடன்களுக்கான சிறு விகிதங்கள். அதற்குங் கீழே விலைக்குத் தொடர்பற்ற விசேட வரிகள். முதற் தவணையை டிசம்பர் 10ஆம் நாளுக்குள்ளும் இரண்டாவதை ஏப்பிரல் 10ஆம் நாளுக்குள்ளும் செலுத்தாவிடின் நூற்றுக்கு 10 தண்டம் சேரும்.

1978இன் பின்னர்ப் பிரேரணை பலமுறை திருத்தப்பட்டது. விலை இறங்கினால் மதிப்பும் தற்காலிகமாக இறங்க அதே ஆண்டு நவம்பரில் வழி செய்யப்பட்டது. 1986இல், பெற்றோரின் வீடு பிள்ளைக்குச் செல்லும்போது பழைய மதிப்பும் உடன் செல்லலாம் என்று விதித்தனர். அதன்பின் குறைந்த வரி என்பது பரம்பரைச் சொத்தாயிற்று. தாய் வாழ்ந்த வீட்டைப் பிள்ளை வாடகைக்கு விட்டு, 1975ஆம் ஆண்டு மதிப்பை அடிப்படையாகக் கொண்ட வரியைச் செலுத்தி வரலாயிற்று. 2020 நவம்பர் வாக்கெடுப்பில் இவ்விரு குறைகளும் ஒருங்கே மக்கள் முன் வந்தன. பெரும் வாணிக ஆதனங்களை நடப்பு விலைக்கு மதிப்பிடக் கோரிய 15ஆம் பிரேரணை நூற்றுக்கு 48 வாக்குப் பெற்றுத் தோற்றது. அதே நாளில் 19ஆம் பிரேரணை வென்றது. அதன்படி, 55 வயது கடந்தோர் தம் பழைய மதிப்பை மாநிலத்தின் எந்தக் கவுண்டிக்கும் கொண்டு செல்லலாம். பிள்ளையோ, பெற்றோரின் வீட்டில் தானே வந்து குடியிருந்தால் மாத்திரம், அதுவும் ஓர் எல்லை வரையிலேயே, அவர்களின் மதிப்பைப் பெறுவான். பிள்ளைகளைப் பற்றிய விதி 2021 பெப்ரவரி 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் தம் வீடுகளைப் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றி எழுத விரைந்த பெற்றோரின் பத்திரங்கள் கவுண்டிப் பதிவாளர் கந்தோர்களில் வந்து குவிந்தன.